காலி நாற்காலி

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. கடைசி வரை எங்களுக்குள் பேச்சு இல்லை. அனுபவம் சார்ந்த உளசிகிச்சை, அதாவது உணர்ச்சியைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல் அமர்விலேயே அதை உணர வைக்கும் சிகிச்சை, செய்யும் ஒருவரிடம் ஆறு அமர்வுகள் போனேன். காலி நாற்காலியைப் போட்டு, அப்பா அதில் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார். முதலில் கூச்சம், அப்புறம் கதறி அழுதேன். இரண்டு நாள் மனசு லேசாக இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. இது சிகிச்சையா, நாடகமா?

வி.

அன்புள்ள வி.,

அந்த நாற்காலி நாடகத்திலிருந்து வந்ததுதான். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவின் உளநாடகத்திலிருந்து, அதாவது மனப் பிரச்சினையை நடித்துப் பார்க்கும் முறையிலிருந்து, அதை எடுத்துப் பிரபலமாக்கியவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ். இந்தக் கணத்தில் உணர்வதைக் கவனிக்கச் சொல்லும் கெஸ்டால்ட் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆகவே உங்கள் சந்தேகத்தில் தப்பில்லை.

ஆனால் அழுகையை மட்டும் வைத்து இதை எடை போடாதீர்கள். புகழ்பெற்ற உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுடன் சிகாகோவில் பணியாற்றிய யூஜின் ஜெண்ட்லினும் சகாக்களும் அமர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார்கள். குணமடைந்தவர்களில் பலர் ஒரு மாதிரி தட்டுத்தடுமாறிப் பேசியிருந்தார்கள். உதாரணமாக, இப்படி: "கோபம்... இல்லை, கோபம்னு சொல்ல முடியாது... தொண்டையில ஏதோ... ஆங், காத்திருந்தேன். அவர் கூப்பிடுவார்னு காத்திருந்தேன்." சரியான சொல் வாய்த்ததும் உடம்பு சற்றே தளரும். இந்தச் சிகிச்சையின் பலம் எனக்குத் தெரிந்து இந்த இடத்தில்தான். நடந்ததைக் கோர்வையாகச் சொல்லத் தெரிந்தவர்கள், என்னைப் போன்ற எழுத்துக்காரர்கள் உட்பட, இங்கேதான் திணறுவோம்.

உங்களை எதிர் நாற்காலிக்கு மாறி உட்காரச் சொன்னாரா? அப்பாவாக இருந்து பதில் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. லெஸ்லி கிரீன்பெர்க் வளர்த்தெடுத்த உணர்ச்சி மையச் சிகிச்சையில் அது முக்கியமான கட்டம். உணர்ச்சி பொங்கினால் போதாது, அதற்கு ஒரு அர்த்தமும் பிடிபட வேண்டும். பாதியில் நின்றால் இரண்டு நாள் லேசுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. திரும்பத் திரும்பக் கை கழுவ வைக்கும் ஓசிடிக்கு, பயத்தை நேரில் சந்திக்கப் பழக்கும் முறைக்குத்தான் ஆதாரம் அதிகம். மனப்பிறழ்வு நிலையில் இருப்பவரை நாற்காலி முன் உட்கார வைப்பது ஆபத்து. மனம் திறந்து பேசக் கூடும் குழுக்களில், ஆக்ரோஷமாகக் குடைந்தெடுப்பவர்கள் நடத்தியவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் என்று லீபர்மன், யாலோம், மைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1973-லேயே காட்டிவிட்டார்கள்.

ஏழாவது அமர்வுக்குப் போனால் எடுத்தவுடன் அப்பாவிடம் பேச வேண்டாம். அந்த மூன்றாம் நாள் காலை எப்படி இருந்தது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அதைக் கேட்கச் சிகிச்சையாளருக்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.