கடவும்பாகம் எங்கே என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். போன மாதம் மனைவி, மகளோடு கொச்சிக்குப் போயிருந்தேன். யூதர்கள் இருந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. தங்கியிருந்த லாட்ஜில் சொல்லி எங்களுக்கு மட்டுமாக ஒரு கைடு ஏற்பாடு செய்துகொண்டோம். காரோடு சேர்த்து மூன்று மணி நேரம். மட்டாஞ்சேரி ஜூ டவுனில் இறங்கி மணிக்கூண்டு, யூதர் கோயில், சீன டைல்ஸ், பிறகு ஒரு மசாலாக் கடை, ஒரு பழம்பொருள் கடை. அதோடு சரி.

கைடு நன்றாகப் பேசினார். கி.பி. 379-இல் சேர மன்னர் யூதர்களுக்கு ஒரு குட்டி ராஜ்ஜியமே எழுதிக் கொடுத்தார் என்றார். தரையில் இருக்கும் டைல்ஸில் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது என்றார். "வெள்ளை யூதர்" என்று நாலைந்து தடவை சொன்னார். "அப்போ கறுப்பு யூதரும் உண்டா?" என்று மகள் கேட்டாள். "அவங்க வேற, மேடம்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். திரும்பும்போது என் மனைவி, "பூட்டிக் கிடக்கிற வீட்டைக் காசு குடுத்துப் பாத்துட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

கைடு எங்களை ஏமாற்றினாரா? அடுத்த முறை கைடு இல்லாமல் போவதே மேலா?

எம்., திருப்பூர்

*

அன்புள்ள எம்.,

ஏமாற்றவில்லை. அவரிடம் இருந்தது மூன்று மணி நேரம். அதில் மசாலாக் கடைக்கு உங்களைக் கூட்டிப் போனால்தான் அவருக்கு அன்றைய கூலி கட்டும். எந்த ஊரிலும் கைடு தொழிலின் கணக்கு இதுதான். கணக்கு எழுதிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் சொன்னவற்றில் பாதி சரி. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மகள் கேட்ட கேள்வி சரியான இடத்தில் போய்க் குத்தியது. அதனால்தான் அவர் நகர்ந்துவிட்டார்.

முதலில் அந்த 379. அது யூத சமூகத்தின் மரபுவழிக் கணக்கு. யூதருக்கான உரிமைகளை எழுதிய செப்பேட்டைக் கொடுத்தவன் சேரன் பாஸ்கர ரவி. காலம் ஏறத்தாழ கி.பி. 1000. அதாவது தஞ்சையில் முதலாம் இராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த நாட்கள். பெற்றவர் ஜோசப் ரப்பான். செப்பேட்டில் அவர் பெயர் "இசுப்பு இரப்பான்". எழுத்து வட்டெழுத்து. மொழியை மலையாளிகள் பழைய மலையாளம் என்பார்கள், நாம் தமிழ் என்போம். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். கொடுக்கப்பட்ட உரிமைகளின் பட்டியலை மட்டும் பாருங்கள்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். உங்களுக்கு இதில் எதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்? (பாவாடை என்றதும் சிரிக்க வேண்டாம். பெரிய மனிதர் நடந்து வரும் வழியில் பாவுகிற ஆடை, நடைவிரிப்பு. அந்தோளகம் பல்லக்கு. காகளம் ஊதுகொம்பு.) கூடவே உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் எடைக்கூலியும் விலக்கு. சுங்க விலக்கு யாருக்குத் தேவை? வணிகனுக்கு. ராஜாவுக்கு அல்ல.

"குட்டி ராஜ்ஜியம்" என்ற கதை கிளைத்தது "அஞ்சுவண்ணம்" என்ற சொல்லிலிருந்து. அதை ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்கு யூதரை அரசராக்கிவிட்டார்கள். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. மணிக்கிராமம், ஐந்நூற்றுவர் என்று நம் கல்வெட்டுகளில் வருகின்றனவே, அவற்றின் சகோதரன். இந்தக் குழுவில் யூதர் மட்டுமில்லை, முஸ்லிம்களும் இருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் போனால் அங்குள்ள முஸ்லிம் ஜமாஅத்தின் பெயரில் அஞ்சுவண்ணம் இன்றும் இருக்கிறது. ஆயிரம் வருடச் சொல் ஒன்று பெயர்ப்பலகையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. கொச்சி கைடுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தக்கலைக்காரர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ.

டைல்ஸ் விஷயம் அரை உண்மை. 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டனிலிருந்து கப்பலில் வந்தவை. கையால் வரைந்தவை என்பதால் கோட்டுக்குக் கோடு ஒன்று போல் ஒன்று இருக்காது. ஆனால் சற்று நின்று பார்த்தால் அதே படங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். தீபாவளிக்கு அம்மா கைமுறுக்கு சுற்றினால் ஒவ்வொன்றும் வேறுதான், ஆனாலும் எல்லாம் முறுக்குதான். 1760-இல் மணிக்கூண்டு கட்டிய எசக்கியேல் ரஹாபி, டச்சுக் கம்பெனியோடு மிளகு வியாபாரம் செய்த பெரும் புள்ளி. டைல்ஸ் வந்ததையும் அவரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். மணிக்கூண்டின் முகங்களில் ஒன்றில் எபிரேய எழுத்து, ஒன்றில் ரோமன் எண், ஒன்றில் மலையாள எண். யார் யாரிடம் அவர் வியாபாரம் செய்தார் என்பதை அந்தக் கடிகாரமே சொல்லும்.

இப்போது "அவங்க வேற, மேடம்".

நீங்கள் பார்த்த கோயிலின் பெயர் பரதேசி ஜூதப்பள்ளி. (பள்ளி என்றால் இங்கே பள்ளிக்கூடம் அல்ல, யூதர்கள் தொழும் இடம்.) கட்டிய ஆண்டு 1568. நம் ஊரில் பரதேசி என்றால் வசை. அங்கே அது நேர் பொருளில் நிற்கிறது: பரதேசத்திலிருந்து வந்தவர்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள், சிரியா, ஈராக் பக்கமிருந்து வந்தவர்கள். அதாவது பிந்தி வந்தவர்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கரையில் வேரோடிவிட்ட மலபார் யூதர்கள் இருந்தார்கள். மட்டாஞ்சேரியிலேயே அவர்களுக்கு இரண்டு பள்ளிகள், எதிர்க்கரை எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று உள்நாட்டில் வேறு. பரதேசிகள் தங்களை வெள்ளையர் என்றும் இவர்களைக் கறுப்பர் என்றும் சொல்லிக்கொண்டு, பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல், சேர்ந்து தொழாமல் நானூறு வருடம் ஓட்டினார்கள். நமக்குப் பழக்கமான கதைதான். ஜாதி என்பது இந்த மண்ணில் வந்து இறங்குபவர்களுக்கெல்லாம் முதலில் கொடுக்கப்படும் வீட்டுச் சாவி போலிருக்கிறது.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள். மெஷுக்ராரிம் என்று பெயர். அவர்கள் பள்ளிக்குள் பெஞ்சில் உட்காரக்கூடாது, முன்னறைத் தரையில் உட்கார வேண்டும். யூதர்களின் வேதமான தோராவைப் படிக்க அழைப்பு கிடையாது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு, டேவிட் இப்னு ஸிம்ரா என்ற ரப்பிக்கு (யூத மதகுருவுக்கு) இதைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முறைப்படி சடங்கு முடித்துவிட்டால் எல்லாரும் சமம், மண உறவும் கொள்ளலாம் என்று பதில் வந்தது. பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பழையபடியே இருந்தார்கள். அந்த வகுப்பில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்தியின் வழியைப் பள்ளிக்குள் கொண்டுபோனார். சொந்தக் கோயிலில் பெஞ்சில் உட்காரச் சத்தியாகிரகம். வைக்கத்தில் தெருவில் நடக்கச் சத்தியாகிரகம் நடந்த அதே நிலப்பகுதி, அதே தலைமுறை. அவரை "யூத காந்தி" என்பார்கள். நீங்கள் காரை விட்டு இறங்கி நடந்த ஜூ டவுன் தெருவுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்திருப்பீர்கள். கைடு அதன் அடியில் நின்றுதான் "வெள்ளை யூதர்" என்று சொல்லியிருப்பார்.

கைடு இல்லாமல் போவது மேலா என்றால், வேண்டாம். நானே முதல் தடவை தனியாகப் போனேன், அதுவும் ஒரு சனிக்கிழமை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஓர் எலுமிச்சை சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பது தெரியாதவனா நான்? தெரியும். ஞாபகம் வரவில்லை. இரண்டாவது தடவை, ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட மாஷ், அதாவது வாத்தியார், வந்தார். கைடு தொழில் அவருக்கு மாலைநேர வேலை. காசு பேசுவதற்கு முன்பே நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: கடவும்பாகம் எங்கே இருக்கிறது? அவர் முகம் மாறியது. "எந்தக் கடவும்பாகம்? இக்கரையா, அக்கரையா?" என்றார். ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நீங்களும் இதையே கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடவும்பாகம், தெக்கும்பாகம். இரண்டும் மலபார் யூதர்களின் பள்ளிகளின் பெயர்கள். கடவு என்றால் படகுத்துறை, தெக்கு என்றால் தெற்கு. துறைப்பக்கத்துக்காரர்கள், தெற்குப் பக்கத்துக்காரர்கள். மட்டாஞ்சேரி தெக்கும்பாகம் இடிக்கப்பட்டுவிட்டது. மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் கதை விசித்திரம். அதன் உள்வேலைப்பாடு, செதுக்கிய மரக்கூரை உட்பட, 1990களில் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் மியூசியத்துக்குப் போய்விட்டது. அங்கே பொருத்தி வைத்து உலகமே பார்க்கிறது. இங்கே மிஞ்சிய கூடு சரக்குக் கிடங்காகக் கிடந்து, 2019 மழையில் ஒரு பகுதி சரிந்தது. மாஷ் அந்தச் சுவருக்கு எதிரே நின்று ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டினார். இதையெல்லாம் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். உங்கள் பழம்பொருள் கடை அதைவிட அதிக நேரம் எடுத்திருக்கும்.

பிறகு சக்காமடம் பக்கம் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். அங்கே ஒரு கல்லறை. நெஹமியா மூத்தா, 1615-இல் இறந்தவர். எபிரேயக் கவி, மறைஞானி, ஏமனிலிருந்து வந்தவர் என்பார்கள். சுற்றியிருந்த இடுகாடு வீடுகளாகிவிட்டது. இந்த ஒரு கல்லறையை மட்டும் யாரும் தொடவில்லை. இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் வந்து மெழுகுதிரி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே மஞ்சள்பையோடு போய்வருகிற நமக்கு இதில் அதிசயமில்லை. நான் போன சாயங்காலம் ஒரு பெண் பள்ளிச் சீருடைப் பிள்ளையோடு வந்து திரி ஏற்றினார். பரீட்சை என்று நினைக்கிறேன். கல்லறையில் இருப்பவர் யூதர் என்பது தெரியுமா என்று மாஷ் வழியாக அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "தெரியுமே" என்றார், இதென்ன கேள்வி என்பது போல.

அடுத்த முறை இன்னொரு நாளும் ஒதுக்குங்கள். பரவூர், சேந்தமங்கலம் இரண்டும் எர்ணாகுளத்திலிருந்து ஒரு மணி நேரச் சுற்றளவில்தான். இரண்டு பள்ளிகளையும் பழுதுபார்த்து அரசு காட்சிக்கு வைத்திருக்கிறது. சேந்தமங்கலத்தில் சாரா பத் இஸ்ரேல் என்ற பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லெழுத்து அது. உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். மாடியில் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை இருக்கும். கொச்சி யூதர்களின் தனி வழக்கம். அதற்குப் பின்னால்தான் பெண்கள் உட்காரும் இடம். திருநாளில் தோரா மேலே வந்துவிடும், பெண்களின் காதருகே. அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாய் மகளுக்கு என்று கொடுத்தார்கள். 1950களில் சுமார் 2,500 பேர் இருந்த சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது பெட்டியில் அந்த நோட்டுகளும் போயின. நெவாட்டிம் என்ற பாலைவனக் கிராமத்தில் பேத்திகள் இன்றும் பாடுகிறார்கள்.

உங்கள் துணைவியார் சொன்னதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பரதேசிப் பள்ளியைப் பொறுத்தவரை அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் எர்ணாகுளம் கடவும்பாகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். மார்க்கெட் நெரிசலுக்குள் இருக்கிறது. நான் போனபோது முன்பக்கம் செடி விற்கும் நர்சரியும் வண்ணமீன் கடையும் இருந்தன. கடைக்காரர்தான் பள்ளியைக் காப்பவர், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். மீன் தொட்டிகளுக்கு நடுவே நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கதவைத் தள்ளினால் உள்ளே பள்ளி. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ மீன் தீனி கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் "இதோ வரேன்" என்று மலையாளத்தில் குரல் கொடுத்துவிட்டு, எங்களை உள்ளேயே விட்டுவிட்டுப் போனார். கதவை அவர் சாத்தவில்லை.

திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். மகளுக்கு என் அன்பு.