1972 எம்ஜிபி வாங்கலாமா? முதலில் கதவுக்குக் கீழே பாருங்கள்

கேள்வி: 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், குரோம் பம்பர், கம்பி வீல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழுசாகப் புதுப்பித்த வண்டி என்கிறார் விற்பவர். போட்டோவில் கண்ணைப் பறிக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும், மெக்கானிக் வேலை தெரியாது. அடுத்த வாரம் நேரில் பார்க்கப் போகிறேன். இன்ஜினில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இன்ஜினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் இந்த வண்டியில் உங்கள் பணம் பிழைப்பதும் போவதும் பாடியில்தான். அதனால் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் மிக எளிமையானது. நாலு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், அவ்வளவுதான். கெட்டுப்போனாலும் இறக்கிப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். பாகங்களுக்கும் பஞ்சமில்லை. 1962 முதல் 1980 அக்டோபர் வரை, மூடிய ஜிடி மாடலையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி இது. 1988 முதல் முழு பாடியைக்கூடப் புதிதாக அடித்துத் தருகிறார்கள். ஆக, பாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். கூலிதான் கவலை. இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடித் தகடுகளே சேசிஸ். அது உளுத்துப்போனால் டிங்கர் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். செலவு வண்டியின் விலையையே தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நானே இதில் அடிபட்டவன். நான் வாங்கிய முதல் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு மயங்கிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, ஒரு மழைக்காலம் முடிந்ததும், கதவுக்குக் கீழே பெயிண்டில் மிளகு அளவுக்குக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை நகத்தால் கீறினேன். பெயிண்டோடு விரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. உள்ளே பழைய தகடு பழுப்புத் தூளாகக் கொட்டியது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமலே அதன்மேல் புதுத் தகட்டைப் போர்த்தி, விளிம்பில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதற்கப்புறம் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் தரையில்தான் படுக்கிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடத்துக்குப் பெயர் சில். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடும் பகுதி. ரோட்ஸ்டருக்கு மேல்கூரை இல்லாததால் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குவதில் பெரும்பங்கு இதனுடையது. வெளித்தகடு, நடுவில் நிற்கும் செங்குத்துத் தகடு, உள்பக்கப் பெட்டி என்று பல அடுக்குகள் சேர்ந்ததுதான் ஒரு சில். இவற்றின் விளிம்புகள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு மெல்லிய உதடு போலக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து அந்த உதட்டை முன்னாலிருந்து பின்னால் வரை பாருங்கள். அடுக்குகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நெடுக ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இருக்க வேண்டும். உதடே இல்லாமல் வழவழவென்று உருண்டிருந்தாலோ, கனமாகக் கறுப்புத் தார் பூசி எல்லாவற்றையும் மூடியிருந்தாலோ, அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். புதிதாகத் தார் பூசிய அடிப்பாகத்தை நான் ஒருநாளும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் கை முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். பட்டி 'டப்' என்று அமுங்கிப்போகும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி (பெயிண்டில் கீறல் விழக்கூடாது) சில்லின் கீழ்ப்பாதி, மட்கார்டுகளின் கீழ்முனை, கதவின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் பிடித்து இழுக்கும், பட்டி இருக்கும் இடத்தில் நழுவும். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. மறுபடி பெயிண்ட் அடித்த காரில் 200, 300 மைக்ரான் (1000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) காட்டுவது சகஜம். 1000ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கதவின் இடைவெளி. கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழே வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, சில்லின் நடுவே ஜாக்கி போடுவதற்கென்றே உள்ள இடத்தில் ஜாக்கி வைத்து, அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு லேசாகக் கிளம்பும்வரை அவரையே தூக்கச் சொல்லுங்கள். இப்போது கதவைத் திறந்து மூடுங்கள். முன்போலவே மூடினால் நிம்மதி. கதவு இடித்தாலோ, இடைவெளி மாறினாலோ, ஜாக்கி வைத்த இடத்தில் நறநறவென்று சத்தம் வந்தாலோ உடனே இறக்கச் சொல்லிவிடுங்கள். மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

முழுசாகப் புதுப்பித்தேன் என்கிறாரே, அதற்குச் சாட்சி போட்டோதான். எம்ஜிபியின் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. சில் அதன் உள்ளேயும் கொஞ்சம் தூரம் போகிறது. மட்கார்டைக் கழற்றாமல் சில்லை முழுசாக மாற்ற முடியாது. பின்பக்கமும் பின் மட்கார்டின் கீழ்முனையை வெட்டித்தான் ஆக வேண்டும். போதாததற்கு, சில்லை வெட்டும்போது ரோட்ஸ்டர் பாடி மடங்காமலிருக்க, கதவு வாசலில் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து முட்டுக்கொடுப்பார்கள். ஆகவே மட்கார்டு கழற்றிய நிலையில், கதவு வாசலில் முட்டுக் கம்பியோடு எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலையை முறையாகச் செய்தவர்கள் இந்தப் படத்தை எடுக்காமல் இருக்கமாட்டார்கள். பெயிண்ட் கடையில் எடுத்த பளபளப் படங்கள் நூறு காட்டினாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

மற்ற துரு இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும். 1972 வண்டியில் அதற்கடியில் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் தனித்தனிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். சிலர் ஒரே 12 வோல்ட் பாட்டரியாக மாற்றியிருப்பார்கள், அதில் தப்பில்லை. கை எட்டாத இடம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆசிட் கசிந்து பெட்டியே அரித்துப்போயிருக்கும். திறந்து பார்க்காமல் வராதீர்கள். கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈரவாடை அடிக்கிறதா என்று முகர்ந்தும் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் பட்டை ஸ்பிரிங் பாடியில் மாட்டும் இடமும் முக்கியம். கதவில், முன் சின்னக் கண்ணாடியின் அடியில், தகட்டில் ஒரு வெடிப்பு இருக்கலாம். அது இந்த மாடலுக்கே உள்ள பழைய வியாதி. பயப்பட வேண்டாம், விலை பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இப்போது இன்ஜின். முதல் நாளே போன் செய்து, நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிரமம் இருக்கலாம். ஆற விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கும். இந்த வண்டியில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று, இன்ஜினின் நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஆறியிருக்கும்போது எல்லா இன்ஜினும் நல்ல பிரஷர்தான் காட்டும். இருபது நிமிஷமாவது ஓட்டிவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். ஓடும்போது 50 பிஎஸ்ஐக்கு மேலும், ஐடிலிங்கில் 10 முதல் 25 வரையும் இருந்தால் பேரிங்குகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு தடவை நீலப்புகை வந்தால், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். மிதித்துக்கொண்டே போகும்போது விடாமல் நீலப்புகை அடித்தால் பிஸ்டன் ரிங்ஸைச் சந்தேகப்படுங்கள். அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிவது இந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் சாதாரணம். குளமாகத் தேங்கினால்தான் பிரச்சினை. சிலிண்டர் ஹெட்டில் கடினமாக்கிய வால்வு சீட் போட்டாயிற்றா என்று கேளுங்கள், ஏனென்றால் இது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இன்ஜின், ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) தேய்ந்துபோகலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவைப் போடாதீர்கள், விற்பவரிடம் பேச்சும் கொடுக்காதீர்கள். இரண்டாம் கியருக்கு வேகமாக இறக்கிப் பாருங்கள். உரசல் சத்தம் வந்தால் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) தேய்ந்திருக்கிறது. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் மூன்றிலும் நான்கிலும் போட்டுப் பாருங்கள், இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரில் முள் சட்டென்று இறங்க வேண்டும். நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து 'டக்' என்ற சத்தம் வருகிறதா? பின் ஆக்சிலில் வாஷர் தேய்ந்திருக்கலாம், அல்லது கம்பி வீல் மாட்டும் பல்வரிசை தேய்ந்திருக்கலாம். முதலாவது சின்ன வேலை. இரண்டாவதில் வீலோடு ஹப்பையும் (வீல் மாட்டும் நடுப்பகுதி) மாற்ற நேரிடும். எது என்று கண்டுபிடிக்க, சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் அசையாமல் வீல் மட்டும் அசைந்தால் பல் போய்விட்டது. வீலின் ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், தொளதொளத்த கம்பி மந்தமாகக் காட்டிக்கொடுக்கும்.

முன் சக்கரத்தைத் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிவிடுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஒழுங்காகக் கிரீஸ் அடிக்கவில்லை என்று அர்த்தமாகலாம். 3000 மைலுக்கு ஒருமுறை அடிக்க வேண்டிய இடம் அது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கட்டைகள் புதுசுபோல ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரை நம்பி வேகமாகப் போகாதீர்கள்.

ஆவணம் பார்க்கும்போது, வண்டியில் உள்ள சேசிஸ் எண்ணையும் காகிதத்தில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உங்கள் வண்டிக்கு ஜிஎச்என்5 என்று தொடங்க வேண்டும். இன்ஜின் எண் 18வி என்று தொடங்க வேண்டும். 18ஜிபி என்று இருந்தால் பழைய மாடலின் இன்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஓட்டுவதற்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் ஒரிஜினல் என்று சொல்லி விலை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய ஆலைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்றிதழ் தருகிறது. எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த இன்ஜின் எண் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1974 செப்டம்பருக்குப் பிறகு வந்த ரப்பர் பம்பர் வண்டிக்குக் குரோம் பம்பர் மாட்டி விற்பவர்களும் இருப்பதால், இந்த ஒப்பிடல் வெறும் சம்பிரதாயம் இல்லை.

எல்லாம் பார்த்த பிறகு என்ன செய்வது? இன்ஜின், கியர், பிரேக், டயர் எதில் குறை தெரிந்தாலும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். வண்டியை வாங்கலாம். சில்லிலோ கதவு இடைவெளியிலோ குறை தெரிந்தால் அங்கே கணக்குப் போடாதீர்கள், ஏனென்றால் வெட்டித் திறக்கும்வரை எவ்வளவு உளுத்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அடியில் பார்க்கவோ கார்பெட்டைத் தூக்கவோ விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தேடினால் இந்த மாடலில் இன்னொன்று கிடைக்கும். பிடித்துப்போனாலும் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஒரு நல்ல மெக்கானிக்கோடு இரண்டாம் முறை போய், லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

போகும்போது டார்ச், காந்தம், பழைய துணி, சின்ன ஸ்பேனர், தரையில் விரிக்க ஒரு பாய் எடுத்துப்போங்கள். இரண்டு பக்கச் சில்லின் அடி உதடு, கதவின் பின் இடைவெளி, பாட்டரிப் பெட்டியின் உட்புறம், இந்த மூன்றையும் கிட்டத்திலிருந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.