வெல்பைக்: பாராசூட்டில் இறங்கிய மடிப்பு பைக் பற்றிய கேள்வி பதில்

அண்ணா, பைக்கைப் பாராசூட்டில் இறக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த வெல்பைக் அது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் வெல்வினில் இருந்த ரகசிய ஆய்வுக்கூடத்தில் ஹாரி லெஸ்டர் வடிவமைத்தார். எக்ஸெல்சியர் நிறுவனம் பர்மிங்ஹாமில் தயாரித்தது. 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின், டூ-ஸ்ட்ரோக். எடை சுமார் 32 கிலோ.

எப்படி மடிப்பார்கள்?

ஹேண்டில்பார் மடங்கும், கால் வைக்கும் கம்பிகள் மடங்கும், சீட் கீழே இறங்கும். பாராசூட்டில் போடும் உருளைப் பெட்டியின் விட்டம் 38 செ.மீ. தான். அதற்குள் அடங்கியே ஆக வேண்டும். இந்த வண்டியைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

பெட்ரோல் டேங்குக்கு எதற்குக் கை பம்ப்?

அதுவும் பெட்டியால் வந்ததுதான். டேங்கை உயரத்தில் வைக்க இடமில்லை. கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருந்ததால் பெட்ரோல் தானாக இறங்காது. காற்றடித்துத்தான் மேலே தள்ள வேண்டும். கிக்கர் கிடையாது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யணும். ஒரே கியர், பின்சக்கரத்தில் மட்டும் பிரேக், சஸ்பென்ஷனும் இல்லை.

அப்போ போரில் உதவியதா சார்?

குறைவாகத்தான். பெட்டி ஒரு பக்கம், ஓட்டுபவர் ஒரு பக்கம் விழுந்தால் தேடவே நேரம் போய்விடும். சின்னச் சக்கரம் கரடுமுரடான தரையில் திணறும். அதற்குள் ஹோர்சா கிளைடர்கள், அதாவது எஞ்சின் இல்லாத விமானங்கள், ஜீப்பையே சுமந்து வர ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் வீண் யோசனை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் இறங்கிய சில இடங்கள், அவர்கள் பிடிக்க வேண்டிய பாலத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. அந்தத் தூரத்தைக் கடக்கும் வழி தேடியது சரியான தேடல்தான்.

ராயல் என்ஃபீல்டின் ஃப்ளையிங் ஃப்ளீயும் இதுதானே?

இல்லை, அது வேறு. 125 சிசி, சுமார் 59 கிலோ, மடங்காது. இரும்புக் குழாய்க் கூண்டில் வைத்து இறக்குவார்கள். அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஜெர்மனியின் டிகேடபிள்யூ பைக்குகளை விற்ற நிறுவனத்தின் இயக்குநர்களில் யூதர்கள் இருந்தார்கள். அதற்காகவே நாஜி ஆட்சிக் காலத்தில் அதன் விற்பனை உரிமை பறிபோனது. அவர்கள் ராயல் என்ஃபீல்டிடம் போய் அதே மாதிரி வண்டி கேட்டார்கள். அப்படிப் பிறந்ததைத்தான் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2024இல் காட்டிய தன் மின்சார பைக்குக்கு ஃப்ளையிங் ஃப்ளீ என்ற பெயரையே வைத்திருக்கிறது.

போருக்குப் பின் வெல்பைக் என்ன ஆனது?

அதே யோசனையில் ப்ரோக்ஹவுஸ் நிறுவனம் பொதுமக்களுக்காகக் கோர்கி என்ற வண்டியைச் செய்தது. அமெரிக்காவில் அது இந்தியன் பப்பூஸ் என்ற பெயரில் விற்பனையானது.