ஊட்டி உறைபனியில போட்டோ எடுக்க போறீங்களா? பேட்டரி, லென்ஸ், வெளிச்சம்

கோவையிலேருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "ஜனவரில ஊட்டி தலைக்குந்தாவுக்கு விடியக்காலைல உறைபனி எடுக்க போனேன். கொஞ்ச நேரத்துலயே பேட்டரி செத்துப்போச்சு, ரூமுக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிஞ்சுது, வெள்ளையா இருந்த புல்லு போட்டோல சாம்பல் கலர்ல வந்திருக்கு. கேமரா ரிப்பேரா?"

ரிப்பேர் எல்லாம் இல்லங்க, பயப்படாதீங்க.

முதல்ல பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குள்ள நடக்குற ரசாயன வேலை குளிர்ல மந்தமாயிடும், அதனால சார்ஜ் உள்ள இருந்தாலும் வெளிய வராது, கேமராவும் காலின்னு நெனச்சு ஆஃப் ஆயிடும். ரெண்டு பேட்டரி எடுத்துட்டு போங்க, ஒண்ண ஸ்வெட்டருக்கு உள்பக்கம் சட்டை பாக்கெட்ல உடம்பு சூட்டுலயே வெச்சுக்கோங்க, கேமராவுல இருக்குறது படுத்துடுச்சுன்னா மாத்திட்டு பழையத பாக்கெட்ல போடுங்க, கொஞ்ச நேரத்துல அதுவே திரும்ப உயிர் பிடிச்சுக்கும்.

லென்ஸ் ஆவி விஷயத்துல தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. குளிர்ல கெடந்த கேமராவ கதகதப்பான ரூமுக்குள்ளயோ ஹீட்டர் போட்ட காருக்குள்ளயோ அப்படியே கொண்டுவந்தா, அங்க இருக்குற காத்துல உள்ள ஈரம் ஜில்லுன்னு இருக்குற கண்ணாடி மேல தண்ணியா படியும், ஐஸ் வாட்டர் டம்ளர் வேர்க்குதே அதே கதை தான். அதனால வெளிய நிக்கும்போதே மெமரி கார்டை கழட்டிட்டு கேமராவ ஒரு ஜிப் கவர்ல போட்டு காத்து போகாம மூடுங்க, ரூமுக்கு வந்து ஒரு ஒன்றரை ரெண்டு மணி நேரம் தொடாதீங்க, ஈரம் கவர் மேல படியும், கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆவி படிஞ்சிருக்கும்போது லென்ஸ் மட்டும் கழட்டிடாதீங்க ப்ளீஸ், சென்சார்லயும் படிஞ்சிடும்.

சாம்பல் கலருக்கு காரணம் கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்குற மீட்டர். அது எதை பாத்தாலும் நடுத்தர சாம்பல்னு நெனச்சு தான் வெளிச்சத்தை கணக்கு போடும், ஃப்ரேம் முழுக்க வெள்ளை இருந்தா இருட்டாக்கிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது போட்டோவ வெளிச்சமாக்குற செட்டிங்கை, +0.7லேருந்து +1.3 வரைக்கும் ஏத்துங்க, ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்ளோ இருக்குன்னு காட்டுற வரைபடம்) வலது ஓரத்துல முட்டாம பாத்துக்கோங்க, ரா ஃபைல்லயே (கேமரா சுருக்காம வெக்கிற மூல ஃபைல்) எடுங்க. நிழல்ல இருக்குற பனி இயல்பாவே நீலமா தான் தெரியும், அதை முழுசா அழிச்சிடாதீங்க, அந்த நீலம் தான் பாக்குறவங்களுக்கு குளிரையே காட்டுது.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச விஷயத்துக்கு வர்றேன். மேகம் இல்லாம காத்தும் அடிக்காத ராத்திரியில தரையோட சூடு வானத்துக்கு போயிடும், குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால பள்ளத்துல போய் தேங்கும். அதான் மேட்டுல ஒண்ணுமே இல்லாதப்ப கீழ புல்வெளி மட்டும் வெள்ளையா இருக்கும். முந்தின நாள் ராத்திரி நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சா அலாரம் வைங்க, மேகம் இருந்தா தூங்குங்க. ஜனவரில சூரியன் 6.45 சுமாருக்கு தான் வரும், நீங்க ஆறு மணிக்கே எடத்துல இருக்கணும், ஏன்னா வெயில் பட்ட எடத்துல பனி மளமளன்னு உருகிடும், வெயிலும் நிழலும் சேர்ற கோடு புல்வெளியில நகருது பாருங்க, அந்த கோட்டு ஓரமாவே நீங்களும் நகர்ந்து எடுங்க. சூரியன் இருக்குற பக்கமா பாத்து எடுத்தா ஒவ்வொரு பனித்துகளும் மின்னும். மேக்ரோன்னா, அதாவது ரொம்ப கிட்டப் போய் எடுக்குறதுன்னா, ட்ரைபாட் வெச்சு லென்ஸ் துவாரத்தை எஃப்8, எஃப்11னு சின்னதாக்கி எடுங்க, மூச்சை அடக்கிக்கோங்க, உங்க மூச்சுக்காத்து பட்டாலே அந்த ஊசி ஊசியான படிகம் கரைஞ்சிடும்.

ட்ரைபாட் காலுக்கு பழைய துணி சுத்திக்கோங்க, புடிக்கும்போது கை ஜில்லிடாம இருக்கும். விரல் நுனி திறந்த கையுறை போடுங்க.

இன்னொண்ணு, உறைஞ்ச புல்லு மேல நடக்காதீங்க. மிதிச்ச எடத்துல புல்லு உடைஞ்சு அப்புறம் பழுப்பாயிடும், அங்க ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்கு அது தீவனம். ஓரத்துல நின்னு எடுத்தாலே போதும், காலடித்தடம் இல்லாத ஃப்ரேமும் உங்களுக்கு கிடைக்கும்.