புதிதாக வாங்கிய பழைய கார்: பிறேக் பற்றிய கேள்விகளும் பதில்களும்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் ஏ40களையும் தேடிப்பிடித்து வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எஞ்சினைப் பற்றியும் பெயின்ற்றைப் பற்றியும்தான். இந்த முறை பிறேக் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லவேண்டும். இந்தக் கார்களில் பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் ஒன்று, அதிலிருந்து போகும் ஒயில் வழியும் ஒன்று. ஒயில் போகும் றப்பர் ஹோஸ் ஒன்று வெடித்தாலும், ஒயிலில் வேலை செய்யும் சில்லுப் பிறேக் எல்லாம் அதே நொடியில் போய்விடும். எனக்கு அது கோப்பாய்ப் பக்கம் நடந்தது. முன் ஹோஸ் ஒன்று வெடித்து, பெடல் பலகையில் போய் இடித்தது. ஹான்ட் பிறேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஒரு வேலியோரம் நிறுத்தினேன். காலை வரைக்கும் நன்றாகப் பிடித்த பிறேக் அது. அதனால்தான் ‘இப்போது பிடிக்கிறதுதானே’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

கோண்டாவிலிலிருந்து: போன மாதம் மைனர் 1000 வாங்கினேன். முதல் மிதியில் பெடல் கீழே போகிறது. இரண்டு மூன்று தரம் அடித்தால் பிடிக்கிறது. மாஸ்ரர் சிலிண்டர் மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் தம்பி. முதலில் பெடல் உங்கள் காலுக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று தரம் அடித்தபின் பெடல் உயர்ந்து கல்லுப்போல நின்றால், சில்லோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் சூக்கள், டிரம்மிலிருந்து தள்ளி நிற்கின்றன என்று பொருள். சரிப்படுத்தினால் போதும். பஞ்சை மிதிப்பதுபோல இருந்தால் உள்ளே எயார் இருக்கிறது. ஒரே அழுத்தமாகக் காலை வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் ஒழுக்கு இல்லையென்றால், அப்போதுதான் மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒயிலை மறிக்கும் றப்பர் கப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மைனரில் சரிப்படுத்துவது ஸ்குறூ டிரைவர் வேலை. சில்லைக் கழற்றினால் டிரம்மின் முகத்தில் ஒரு துளை தெரியும். டிரம்மைச் சுழற்றி அந்தத் துளையை அட்ஜஸ்ரரின் வெட்டுக்கு நேரே கொண்டுவந்து, டிரம் இறுகும் வரை வலஞ்சுழியாகத் திருப்பி, பிறகு ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்ரர் உண்டு. பின்னால் ஒன்று. முன்னால் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, ‘எல்லாம் செய்தாயிற்று, இன்னும் பெடல் தாழ்கிறது’ என்று வருகிறார்கள். டிரம்மை இன்னும் அரைச் சுற்றுச் சுழற்றுங்கள், இரண்டாவது தெரியும்.

அப்படியும் சரிவராமல் மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றவேண்டி வந்தால், அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் நீளமான போல்ட்டுகளை இழுக்க, முன் சில்லுக்கு ஸ்பிறிங்காக இருக்கும் ரோர்ஷன் பார் மறிக்கும். ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். அங்கே போனபின் பழைய சிலிண்டரைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். புதுக் கப்புகளோடு அல்லது புதுச் சிலிண்டராகவே போடுங்கள்.

சுன்னாகத்திலிருந்து: பிறேக் ஒயில் குறைந்திருந்தது. கையில் இருந்த எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் விட்டேன். இரண்டு நாளில் பிறேக் இறுகி, கார் தள்ளவும் அசையவில்லை.

இந்தக் கேள்வியை எழுதிய உங்களுக்கு நன்றி. வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம். பிழை உங்களுடையது மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும் அதற்கு வைத்த பெயரிலும் இருக்கிறது. ‘பிறேக் ஒயில்’ என்கிறோம், ஆனால் அது ஒயிலே இல்லை. கிளைக்கோல் வகைத் திரவம். தண்ணீரோடு கலக்கும், எண்ணெயோடு ஒட்டாது. பிறேக்குக்குள் இருக்கும் றப்பர் கப்புகள் அந்தத் திரவத்துக்கென்று செய்யப்பட்டவை. எஞ்சின் ஒயில், கியர் ஒயில், மண்ணெண்ணெய், பெற்றோல் எது பட்டாலும் அந்த றப்பர் ஊதிப் பெருக்கும். மாஸ்ரர் சிலிண்டரின் கப் பெருத்தால், ஒயில் திரும்பிவரும் சிறு துளை அடைபடும். மிதித்த அழுத்தம் வெளியேற இடமில்லாமல் சூக்கள் டிரம்மைப் பிடித்தபடியே நிற்கும். உங்கள் காருக்கு நடந்தது இதுதான்.

ஒயிலை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊதிய றப்பர் பழைய நிலைக்கு வராது. மாஸ்ரர் சிலிண்டர், சில்லில் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், ஹோஸ் என்று றப்பர் இருக்கும் இடமெல்லாம் மாற்ற வேண்டும். இரும்புப் பைப்புகளை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவி, எயார் அடித்துக் காயவைத்து, பிறகு டொட் 3 அல்லது டொட் 4 என்று போத்தலில் போட்டிருக்கும் புதுப் பிறேக் திரவம். செலவுதான். ஆனால் ஒரு கப்பை விட்டுவைத்தாலும் அது பழைய ஒயிலைப் புது ஒயிலுக்குள் கசியவிடும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. வீல் சிலிண்டரைப் பெற்றோலால் கழுவும் பழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. உங்கள் காரில் அனுமதிக்காதீர்கள்.

வேலணையிலிருந்து: பண்ணைப் பாலத்தால் பட்டினத்துக்கு வந்துசேரும்போது முன் இடது டிரம் கொதிக்கிறது. காலையில் பார்த்தால் சில்லு சும்மா சுழல்கிறது.

சூடேறியபின் பிடிக்கிறது, ஆறியபின் விடுகிறது. ஒரு சில்லில் மட்டும் என்றால் ஹோஸை முதலில் பிடிக்க வேண்டும். பழைய ஹோஸ் வெளியே நல்லதாகத் தெரியும், உள்ளே றப்பர் உரிந்து வழியை அடைத்திருக்கும். உங்கள் காலின் பலம் ஒயிலை உள்ளே தள்ளிவிடும். திரும்பிவர சூ ஸ்பிறிங்கின் பலம் போதாது.

சோதிப்பது எளிது. சில்லு இறுகி நிற்கும்போதே ஜக் போட்டுத் தூக்கி, அந்தச் சில்லின் பிறேக்கில் எயார் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒயில் பீறி, சில்லு விட்டுக்கொடுத்தால் அழுத்தம் சிக்கியிருந்தது உறுதி. விடவில்லையென்றால் குறை டிரம்முக்குள்ளே: சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஸ்பிறிங் தளர்ந்திருக்கும். அடுத்த முறை இறுகும்போது நிப்பிளுக்குப் பதில் மாஸ்ரர் சிலிண்டரின் இணைப்பைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியும் சில்லு விடவில்லை, நிப்பிளில் விடுகிறது என்றால் அடைப்பு இடையில், அதாவது ஹோஸில். மாஸ்ரரில் தளர்த்தியதும் விட்டால், பெடலுக்கும் மாஸ்ரர் பிஸ்டனுக்கும் இடையே சும்மா போகும் சிறு தளர்வு இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அப்படியென்றால் வழக்கமாக நாலு சில்லும் சூடாகும்.

நீங்கள் தினமும் கடலுக்கு நடுவால் வருகிறீர்கள். காரின் அடியில் படுத்து, இரும்புப் பைப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், குறிப்பாக கிளிப் பிடித்திருக்கும் இடங்களில். உப்பு அங்கேதான் தங்கும். துரு செதிலாக உதிர்ந்தால் பைப் முழுவதையும் மாற்றுங்கள். செப்பு நிக்கல் பைப் கிடைத்தால் அதையே போடுங்கள், துருவேறாது. வெறும் செப்புப் பைப் அதிர்வில் இறுகி வெடிக்கக்கூடியது. நான் போடமாட்டேன்.

பருத்தித்துறையிலிருந்து: சூக்களுக்குப் புது லைனிங் அடித்தபின் பிறேக் போட்டால் கார் இடப்பக்கம் இழுக்கிறது. இடது சில்லைத் திறந்து பார்த்தோம், ஒரு குறையும் இல்லை.

இடது சில்லு தன் வேலையைச் செய்கிறது. வலது சில்லைத் திறந்து பாருங்கள். சில்லின் நடுவில் கிறீஸை மறிக்கும் ஹப் சீல் போய் லைனிங்கில் கிறீஸ் ஏறியிருக்கும், அல்லது சிலிண்டர் இறுகியிருக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவியும் சுட்டும் மீட்கப் பார்க்கிறார்கள். சூடேறும்போது உள்ளேயிருந்து திரும்பக் கசியும். எறியுங்கள். லைனிங் மாற்றினால் இரு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே வகையில். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு முன் ரயருக்கும் காற்றுச் சமனா என்று பார்த்தீர்களா?

கனடாவிலிருந்து: அப்பாவின் ஏ40 கார், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு ஓடவில்லை. உரும்பிராயில் அப்படியே நிற்கிறது. வருகிற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அதில் போக ஆசை.

இந்த ஆசை நிறைவேற வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். அந்தக் கார்கள் எங்களோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளிகளை ஏற்றியவை அவை.

முதலில் அது எந்த மொடல், டெவனா சமர்செட்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். 1947 முதல் வந்த டெவனில் முன் பிறேக் மட்டும் ஒயிலில் வேலை செய்யும். பின்னால் கம்பி இழுப்பு. 1952இல் வந்த சமர்செட்டில் நாலும் ஒயில். சாமான் வாங்கும்போது இது தெரியாவிட்டால் காசு வீண்.

இத்தனை வருடம் நின்ற காரில் பிறேக் ‘திருத்துவது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய ஒயில் தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டரின் உட்சுவரைக் குழி குழியாகத் தின்றிருக்கும். லேசான கறையென்றால் ஹோன் பண்ணலாம், அதாவது உட்சுவரை உரசி மெருகேற்றலாம். குழி விரலில் தட்டுப்பட்டால் புதுச் சிலிண்டர், அல்லது நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து ஸ்ரெயின்லெஸ் குழாய் இறக்க வேண்டும். குழியின்மேல் புதுக் கப்பைப் போட்டால் சில வாரத்தில் ஒழுகும். பழைய சாமான் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடலாம். ஆனால் கப்பும் ஹோஸும் மட்டும் புதிதாக, இங்கிலாந்திலிருந்தோ நீங்கள் வரும்போது கையிலோ கொண்டுவாருங்கள். பெட்டியில் முப்பது வருடம் இருந்த ‘புது’ றப்பர் புதிதல்ல.

டிரம் இறுகியிருந்தால் சுத்தியலால் அறையவேண்டாம், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். அட்ஜஸ்ரரை முழுதாகப் பின்னுக்கு விட்டு, துருகழற்றும் திரவம் விட்டு, இரண்டு நாள் பொறுங்கள். கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை எயாரால் ஊதவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வீசச் சொல்லுங்கள். வேலை செய்யும் பொடியனிடம் இதை நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: மைனருக்கு முன்னால் டிஸ்க் பிறேக் போடலாமா?

போடலாம். ஆனால் டிரம் பிறேக் பிடிக்கவில்லை என்பதற்காகப் போடாதீர்கள். சரியாக அமைத்த டிரம் அந்த எஞ்சினின் வேகத்துக்குப் போதும். 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனரின் முன் டிரம் 8 அங்குலம், அதற்கு முந்தியவற்றில் 7. பழைய மைனருக்கு அந்த 8 அங்குலச் செற் கிடைத்தால் அதுவே நல்ல மாற்றம். டிஸ்க்தான் என்று முடிவெடுத்தால், மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் இருக்கும் செக் வால்வை எடுக்க வேண்டும். டிரம்முக்காக அது லைனில் சிறு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிஸ்க்கில் அதே அழுத்தம் பிறேக் பாட்களை (pads) டிஸ்க்கோடு தேய்த்துக்கொண்டே இருக்கும்.

என்னிடம் அந்தக் காசு இருந்தால், ஒரு வழி போனாலும் மற்றது பிடிக்கும் இரட்டை வழி மாஸ்ரர் சிலிண்டருக்குத்தான் கொடுப்பேன்.

கொக்குவிலிலிருந்து: டொட் 5 நல்லது என்கிறார்களே?

டொட் 5 சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எல்லா றப்பரும் புதிதாக, லைன் முழுதும் காய்ந்திருந்தால் போடலாம். டொட் 4 போட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது எளிது. பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு சகோதரி: கணவர் வாங்கிய மைனரில் பிள்ளைகளோடு கண்டிக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போகத் திட்டம். ஊருக்குள் ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது. பயமில்லையா?

தங்கச்சி, ஊருக்குள் ஓடியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு மிதி, அதற்குள் டிரம் ஆறிவிடும். ஏ9இல் மாத்தளை தாண்டும் வரைக்கும் அந்தப் பிறேக்குக்குப் பெரிய சோதனை வராது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போதுதான் வரும்.

புது டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். தண்ணீர் குடித்த பழைய ஒயில் 140 அளவிலேயே கொதித்துவிடும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் வெறுமையாகக் கீழே போகும். டொட் 4இல் அந்த எண்கள் 230, 155. ஆகவே போக முன் ஒயிலை முழுதாக மாற்றி, மாஸ்ரருக்கு மிகத் தூரமான பின் இடது சில்லிலிருந்து தொடங்கி எயார் எடுக்கச் சொல்லுங்கள். நாலு டிரம்மையும் கழற்றி நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஹோஸ்களின் வயது யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

ஹான்ட் பிறேக்கைத் தனியாகச் சோதியுங்கள். ஆளில்லாத றோட்டில், மெதுவாக ஓடும்போது இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சில்லு இரண்டும் சமமாகப் பிடிக்க வேண்டும்.

ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்தில் இறங்குங்கள். காலைப் பிறேக்கில் வைத்தபடி வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மீண்டும் அழுத்துங்கள். கருகிய வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி பொறுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிள்ளைகள் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முதல் வாரம் சாமானோடும் ஆட்களோடும் கிளிநொச்சி வரைக்கும் போய்த் திரும்புங்கள். திரும்பியதும் நாலு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் எனக்கு எழுதுங்கள்.