வண்டி அப்பளம் ஆயிடுச்சு, காசு எவ்ளோ வரும்? (கேள்வி-பதில்)

கேள்வி: உளுந்தூர்பேட்டைகிட்ட லாரி மோதி கார் டோட்டல் லாஸ் சார். பாலிசியில ஐடிவி (வண்டிக்குப் போட்டிருக்கற காப்பீட்டு மதிப்பு) 5.2 லட்சம். இப்போ இன்சூரன்ஸ்காரங்க "மார்க்கெட்ல இந்த மாடல் 4.4 தான் போகுது, சம்மதம்னா கையெழுத்து போடுங்க"ங்கறாங்க. - விழுப்புரம் வாசகர்

பதில்: போடாதீங்க. ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதவீதத்த தாண்டினா அது டோட்டல் லாஸ், அத அவங்களே ஒத்துக்கிட்டாச்சு. பாலிசி புக்லெட்ல ஐடிவி பத்தி வர்ற பாராவ படிங்க, டோட்டல் லாஸுக்கு அந்த ஐடிவியத்தான் பாலிசி காலம் முழுக்க மார்க்கெட் வேல்யூவா எடுத்துக்கணும், மேல தேய்மானம் கழிக்கக் கூடாதுன்னு அவங்களே அச்சடிச்சு குடுத்திருப்பாங்க. அத போட்டோ எடுத்து மெயில்ல போட்டு, 80 ஆயிரம் எந்த கண்டிஷன்படி குறைஞ்சுதுன்னு எழுத்துல கேளுங்க. போன்ல பேசாதீங்க, போன்ல எல்லாரும் தேனாத்தான் பேசுவாங்க. கழிக்க வேண்டியது கம்பல்சரி டிடக்டிபிள் (ஒவ்வொரு கிளைம்லயும் நம்ம பங்கா கட்டாயம் போற தொகை) மட்டும், 1500 சிசி வரைக்கும் ஆயிரம் ரூபா, அதுக்கு மேல 2 ஆயிரம் (பிரீமியம் குறைய வாலன்டரி டிடக்டிபிளும் எடுத்திருந்தா அதுவும் போகும்). சேதத்த மதிப்பு போட்ட சர்வேயரோட ரிப்போர்ட் காப்பியும் கேட்டு வாங்கிடுங்க.

கேள்வி: நொறுங்கின வண்டிய நானே வச்சுக்கணுமாம், அதோட விலைன்னு 2.3 லட்சத்த கழிப்பாங்களாம். - மதுரை

பதில்: அந்த விலைக்கு வாங்கற ஆள் யாருன்னு பேரு நம்பரோட எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நீங்களும் சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டி பிரிச்சு விக்கற எடத்துல ரெண்டு பேருகிட்ட விலை கேட்டு வைங்க. ஆள் காட்ட முடியலன்னா வண்டிய அவங்களே எடுத்துக்கிட்டு முழு ஐடிவியும் தரட்டும். வண்டி கைமாறின கையோட ஆர்சி கேன்சலுக்கு ஆர்டிஓல எழுதிக் குடுத்துடுங்க, இல்லன்னா உங்க சேஸிஸ் நம்பர்ல எவனாவது திருட்டு வண்டி ஓட்டுவான்.

கேள்வி: செகண்ட்ஹேண்ட் கார், வாங்கி நாலு மாசம். இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு. கிளைம் கிடைக்குமா? - சேலம்

பதில்: கிடைக்காது. 14 நாளுக்குள்ள பேர் மாத்த எழுதிக் குடுத்திருக்கணும். தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆன நஷ்டத்துக்கான கவர்) மட்டும்தான் வண்டியோட தானா வரும், ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கானது) வராதுன்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. நாலு மாசமா என்ன பண்ணீங்க?

கேள்வி: ஜீரோ டெப் இருக்கு, போட்ட காசு முழுசும் வருமா? - கோவை

பதில்: வராது. ஜீரோ டெப்ங்கறது ரிப்பேர்ல மாத்தற பார்ட்ஸுக்கு தேய்மானம் கழிக்காம தர்றதுக்கு. இன்வாய்ஸ் விலை வேணும்னா ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு தனி ஆட்-ஆன். இதெல்லாம் விடுங்க, எனக்கு வயிறு எரியறது ரினீவல்ல நடக்கற கூத்துக்கு. ஏஜென்ட் "சார் ஐடிவிய கொஞ்சம் இறக்கினா பிரீமியம் குறையும்"பான், ஆன்லைன்ல அதுக்குன்னே ஒரு பட்டன வச்சு இழுக்க விடறாங்க, நம்மாளு சில நூறு ரூபா மிச்சம்னு சந்தோஷமா இழுத்துட்டு வண்டி போனப்புறம் ஒரு லட்சம் போச்சேன்னு எனக்கு லெட்டர் எழுதறாரு. ஐடிவி போட, கார் கம்பெனி விலையிலேருந்து ஒரு வருஷம் தாண்டினா 20 சதவீதம், ரெண்டு தாண்டினா 30, மூணுக்கு 40, நாலுக்கு 50னு தேய்மான அட்டவணையே இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு மேலன்னா ரெண்டு பேரும் பேசி வைக்கிற விலை. பேரம் பேசணும்னா அன்னிக்குப் பேசுங்க, வண்டி நொறுங்கின பிறகு இல்ல.

கேள்வி: மிக்ஜாம் வெள்ளத்துல முழுகின மாதிரியே இந்த வருஷமும் தண்ணி ஏறி டாக்ஸி போச்சு. "கையெழுத்து போடலன்னா கிளைம க்ளோஸ் பண்ணிடுவோம்"னு சொன்னதால கம்மி காசுக்குப் போட்டுட்டேன் சார், அது லோனுக்கே பத்தல. - வேளச்சேரி வாசகி

பதில்: முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்கம்மா. ஃபைனல் செட்டில்மென்ட் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டதாலயே மேல போகற வழிய அடைக்கக் கூடாதுன்னு 2015லயே ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஆணையம்) சொல்லியிருக்கு. மிரட்டி வாங்கினத தேதியோட எழுதி கம்பெனி குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ மறுத்தாலோ அண்ணா சாலையில இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற நடுவர்) ஆபீஸ் இருக்கு, 50 லட்சம் வரைக்கும் பாப்பாங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம், ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். பாங்க்காரங்கதான் முதல்ல காச எடுப்பாங்க, அதனால லோன் பாக்கி ஸ்டேட்மென்ட்டையும் கூட வைங்க. பேப்பர்ஸ் எல்லாம் எனக்கு ஒரு செட் அனுப்புங்க, மனுவ நான் எழுதித் தரேன்.