களத்து நெல்லை வைத்துத் துரோகிப் பட்டம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு நடந்த சண்டையில் எங்கள் பங்காளிகளில் ஒரு வீட்டார் சந்தா சாகிப் படைக்கு நெல் அளந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டார் தஞ்சை ராஜா பக்கம் நின்றவர்கள். அடுத்த மாதம் கும்பாபிஷேகம். காட்டிக்கொடுத்த குடும்பத்துக்குப் பரிவட்டம் கட்டுவது முறையா? வரலாற்றை எடுத்துக்காட்டி நீங்கள் எழுதினால் ஊர்க் கூட்டத்தில் காட்ட வசதியாக இருக்கும். (பெயர் வேண்டாம்.)

பதில்: நீங்கள் கேட்டபடி எழுத மாட்டேன். வரலாற்றைச் சொல்கிறேன். கூட்டத்தில் வாசிப்பதானால் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.

ராஜா பக்கம் என்கிறீர்களே, ராஜா எந்தப் பக்கம் இருந்தார்? 1749 ஆகஸ்டில் ஆம்பூரில், நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்போடும் அவருக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரரோடும் நடந்த சண்டையில் நவாப் அன்வருத்தீன் மாண்டார். ஆங்கிலேயர் ஆதரித்த அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். அந்த வருஷக் கடைசியிலேயே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் தஞ்சைக் கோட்டையைச் சூழ்ந்தார்கள். தஞ்சை ராஜா பிரதாப சிம்மர் 70 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார், காரைக்காலைச் சுற்றிய 81 கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். பணம் முழுவதும் போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம். 1751 கடைசியில், ஆங்கிலேயர் பிடித்திருந்த ஆற்காட்டுக் கோட்டைமேல் சந்தா சாகிப் தரப்பு போட்ட முற்றுகை முறிந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்த பிறகுதான் தன் தளபதி மானோஜியின் தலைமையில் குதிரைப் படையை முகமது அலிக்கு உதவியாக அனுப்பினார். கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்த அரசர் அதுவரை காத்திருக்கலாம். மதில் இல்லாத கிராமத்தில் களத்தில் நெல்லை வைத்துக்கொண்டிருந்த குடியானவன் மட்டும் முதல் நாளிலேயே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டுமா?

உங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோவிலடியைப் பாருங்கள். 1751-ல் அங்கே ஆங்கிலேயச் சிறுபடை காவல் இருந்தது. சில மாதத்தில் அது சந்தா சாகிப் கைக்குப் போனது. 1752 கோடையில் மானோஜி பிடித்தார். ஒரு வருஷத்துக்குள் மூன்று கொடி. படை என்றால் குதிரைக்குக் கொள்ளும் வைக்கோலும் வேண்டும், ஆளுக்கு அரிசி வேண்டும். அத்தனையும் எங்கிருந்து போயிருக்கும்? சுற்றுப்பட்டு ஊர்களின் களத்திலிருந்துதான்.

அந்தக் களத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடித்துத் தூற்றிய நெல்லை அம்பாரமாகக் குவித்து, பங்கு பிரிக்கும் முன் யாரும் எடுக்காமலிருக்கக் குறி போட்டாயிற்று. குறி கலைந்தால் குற்றம். அரசுப் பங்கான மேல்வாரம் அரண்மனைக்கு. காவல்காரருக்கு, கோயிலுக்கு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியாருக்கு என்று மரக்கால் மரக்காலாக அளந்து போனது போக மிஞ்சுவது குடியானவன் பங்கான குடிவாரம். எந்தப் பங்கும் அளக்கும் முன்பே ஐம்பது குதிரைக்காரர்கள் களத்தைச் சுற்றி நின்றால் மரக்கால் யார் கையில் இருக்கும்? ‘அளந்து கொடுத்தார்கள்’ என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். அளக்க மறுத்த வீடு எது, மறுத்தபின் அந்த வீட்டு ஆள் பிழைத்தாரா என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அரண்மனைக்குள்ளேயே பங்காளிச் சண்டைதான். பட்டத்திலிருந்து இறக்கப்பட்ட சாகுஜிக்காக 1749-ல் ஆங்கிலேயர் தேவிகோட்டைக்குப் படையோடு வந்தார்கள். சாகுஜி வந்தால் நாடே எழுந்து வரும் என்று அவர் தரப்பார் சொல்லி ஆங்கிலேயரை அழைத்து வந்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் வந்து சேரவில்லை. ஆங்கிலேயர் தேவிகோட்டையை வாங்கிக்கொண்டு பிரதாப சிம்மரோடு சமாதானமானார்கள். சாகுஜிக்கு ஒரு படித்தொகையோடு சரி. சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்தாலும் மேல்வாரம் குறையப்போவதில்லை என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ஊர்கள் பேசாமல் இருந்ததற்கு நான் காணும் காரணம் அதுதான். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்யாண உறவையும் மறந்துவிட்டீர்கள். காரைக்காலைச் சுற்றிய ஊர்களில் பெண் கொடுத்து எடுத்தவர்கள் ஒரு கையெழுத்தில் இரண்டு ராஜ்யத்துக்காரர்கள் ஆனார்கள். மாமன் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோனவனையும் எதிரி நாட்டுக்குத் தானியம் கடத்தியவன் என்று எழுதிவிட முடியும், எழுதுகிறவர் நினைத்தால்.

மெய்யாகவே ஊரைக் கெடுத்த காரியம் ஒன்று அந்தப் போரில் நடந்தது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மைசூர் நஞ்சராஜா முகமது அலிக்குத் துணையாக வந்தவர். திருச்சியைத் தருவதாகச் சொன்ன வாக்குப் பொய்த்ததும் பிரெஞ்சுப் பக்கம் போனார். 1754-ல் பிரெஞ்சுக்காரரும் மைசூர்க்காரரும் கோவிலடியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய கரையை வெட்டினார்கள். காவிரியை விடக் கொள்ளிடம் பள்ளம். கரை போனால் தண்ணீர் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்குப் போகும். தஞ்சைச் சீமைக்கு வரத்து நிற்கும். கரையைத் திரும்பப் போட வந்த ஆட்களுக்குப் படைக் காவல் வைக்க வேண்டியிருந்தது. சந்தா சாகிப்புக்கு அளந்த வீட்டு வயலும், ராஜாவுக்கு அளந்த வீட்டு வயலும் குடித்தது அந்த ஒரே தண்ணீரைத்தான்.

1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்த சமயம், தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் கேட்டுப் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. அதனால் நவாப் பட்டம் உறுதியான முகமது அலியே 1773-ல் ஆங்கிலேயர் துணையோடு தஞ்சையைப் பிடித்து, பிரதாப சிம்மரின் மகன் துளஜாவைச் சிறை வைத்தார். ராஜா பக்கம் நின்ற வீட்டாருக்கு அன்றைக்கு யார் பரிவட்டம் கட்டினார்கள்?

ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள். மராட்டியர் காலத்தில் மோடி என்னும் மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்கள் தஞ்சாவூரிலேயே இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அது இல்லாமல், திண்ணைப் பேச்சை வைத்து இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் ஒரு வீட்டுப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தவன் வாரிசு என்று கூட்டத்தில் சொல்ல என் பத்திரிகையைத் தர மாட்டேன். கோயில் மரியாதை யாருக்கு என்பதில் தகராறு என்றால் அறநிலையத் துறையிடம் போங்கள். சந்தா சாகிப்பை இழுக்காதீர்கள்.

அந்த நெல்லை நட்டு, அறுத்து, அடித்த பண்ணையாள் குடும்பங்கள் எந்தப் பக்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலும் அவர்கள் இல்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு அடுத்த மாதக் கும்பாபிஷேகத்தில் யாகசாலைப் பக்கம் நிற்க இடம் உண்டா என்று எழுதுங்கள், பெயரோடு. அதைப் பிரசுரிக்கிறேன்.